முடக்குவாதத்தால் கோணிய பாதங்களும் ரண சிகிச்சையும்

ஊருக்குச் சாலை போடுகிறோம். வாய்க்காலுக்குப் பாலம் கட்டுகிறோம். பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கட்டடம் எழுப்புகிறோம். இவையெல்லாம் நடந்து செல்லக்கூடியவர்களுக்கே முழுப் பயன் தருவன. வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய்வரை செல்வதற்குள் மூன்று முறை நின்று இளைப்பாற வேண்டியவருக்குத் தார்ச்சாலையால் ஆகப்போவது என்ன? அத்தகையோர் எல்லா ஊர்களிலும் உளர். அவர்களுள் ஒரு சாராரைப் பற்றியே இங்குக் கூற முற்படுகிறோம். முடக்குவாதம் என்னும் நோயினால் பாதம் உருமாறி, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளங்கால் நோவினால் அடியெடுத்து வைக்கவே அஞ்சுவோர் அவர்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர்களும் அவர்தம் சுற்றத்தாரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று. நோயை அடக்க மருந்து இருக்கிறது. கோணிவிட்ட பாதத்தை ஊன்றி நடக்கும்படி செய்ய ரண சிகிச்சையும் இருக்கிறது. ஆயினும் இவ்விரண்டில் எது முன், எது பின் என்பதை அறியாமல் பலர் காலத்தையும் பொருளையும் இழக்கின்றனர்.

முடக்குவாதம் என்றதும் சிலர் பக்கவாதத்தை நினைக்கக்கூடும். அது வேறு, மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழப்பது பக்கவாதம். வயது முதிர்ந்தவர்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்ந்து உண்டாகும் வலியும் வேறு. 2006ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் பலருக்கு மாதக்கணக்கில் நீடித்த மூட்டுவலியும் கொசுவினால் பரவும் கிருமியால் வந்ததே. நாம் கூறும் நோயைப் பழையோர் சிலர் சரவாங்கி என்பர். 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இது காணப்படுகிறது. அவ்வாறாயின் 2,000 மக்கள் வாழும் ஓர் ஊரில் இருபது பேர்வரை இருக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்கு, மும்மடங்கு மிகுதியாக வருகிறது. அதுவும் குடும்பப் பாரத்தைச் சுமக்கும் நடுவயதிலேயே பெரும்பாலும் தொடங்குகிறது.

வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான் இந்நோயின் இயல்பு. நோய்க்கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கவேண்டிய உடலின் தற்காப்புச் சக்தி, திசை தவறித் தன் மூட்டுகளையே தாக்குகிறது. ஒவ்வொரு மூட்டின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். மூட்டு உராயாமல் அசைவதற்கு வேண்டிய நீரைச் சுரப்பது அதுவே. இந்நோயில் அச்சவ்வு வீங்கித் தடித்து, எலும்பு முனையிலுள்ள வழவழப்பான குருத்தையும் பின்னர் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களும் தளர்கின்றன. காலையில் எழுந்ததும் கைவிரல்களும் பாதங்களும் ஒருமணி நேரத்துக்கு மேல் விறைத்திருத்தல், இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒத்த மூட்டுகள் வீங்குதல், இவை ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தல் ஆகியவை முதல் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் உரிய மருந்தை ஆரம்பித்தவர்களுக்கும் சில ஆண்டுகள் கழித்து ஆரம்பித்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அரித்துப்போன எலும்பை எந்த மருந்தும் மீண்டும் வளர்ப்பதில்லை.

பாதத்தில் நேர்வது என்ன?

இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் பாதமும் பாதிக்கப்படுகிறது. பாதத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீண்ட எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் முன்முனைகள் உருண்டையாயிருக்கும். அவற்றைத் தலை என்பர். அடியெடுத்து வைக்கையில் உடலின் பாரம் குதிகாலில் தொடங்கி இவ்வைந்து தலைகளின் வழியாகப் பெருவிரலுக்குச் செல்கிறது. அத்தலைகள் தரையில் இடிபடாதிருக்க, அவற்றின் அடியில் இயற்கை கொழுப்பினால் ஆன ஒரு மெத்தையை அமைத்திருக்கிறது.

முடக்குவாதம் இங்குள்ள மூட்டுகளை வீங்கச் செய்து நார்களைத் தளர்த்திவிட்டால், கட்டுக்கயிறு நெகிழ்ந்த விறகுக்கட்டைப்போல் பாதத்தின் முன்பகுதி அகன்று பரவுகிறது. பெருவிரல் வெளிப்புறமாகச் சாய்ந்து அடுத்த விரலின் மேலோ கீழோ புகுந்துகொள்கிறது. சிறுவிரல்கள் மூட்டிலிருந்து நழுவி மேலேறிக் கொக்கிபோல் மடங்குகின்றன. விரல்கள் மேலே ஏறும்பொழுது அடியிலிருந்த கொழுப்பு மெத்தையும் அவற்றோடு முன்னே இழுபட்டுப் போகிறது. காப்பில்லாத எலும்புத் தலைகள் நேரே தோலில் அழுந்துகின்றன. சரளைக்கல் கொட்டிய சாலையில் வெறுங்காலோடு நடப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் கூறுவது மிகையன்று. உண்மையில் அவர்கள் தம் எலும்பின்மேலேயே நடக்கின்றனர்.

பாதத்தின் பின்பகுதியில் நோய் புகுந்தால் வேறு விதமான கோணல் உண்டாகிறது. குதிகால் வெளிப்புறமாகச் சாய்கிறது. உள்ளங்காலின் வளைவு தட்டையாகிறது. முன்பு கணுக்காலின் உட்புற எலும்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, இப்பொழுது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். செருப்பின் அடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும் ஓர் அறிகுறி.

இங்கு இரண்டு தவறான எண்ணங்களைக் குறிப்பிடுதல் அவசியம். உள்ளங்காலில் எலும்பு அழுந்தும் இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. அதைக் காலாணி என்று கருதிப் பிளேடால் செதுக்குவதும், சேராங்கொட்டைப் பாலைத் தடவுவதும், கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும் வழக்கமாயிருக்கின்றன. காய்ப்பு அங்கு நோயன்று. உள்ளிருக்கும் எலும்புக்குத் தோல் போட்டுக்கொண்ட கவசம். அதைச் செதுக்கினால் புண்ணாகும். புண் வழியே சீழ் எலும்புவரை செல்லும். இரண்டாவது எண்ணம் இதனினும் கொடியது. விரல்கள் மடங்கியிருப்பதைக் கண்டு தொழுநோய் என்று ஐயுற்று விலக்கி வைப்பது சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. தொழுநோயில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும். முள் தைத்தாலும் தெரியாது. முடக்குவாதத்திலோ உணர்ச்சி குன்றுவதில்லை, வலிதான் பெருந்துன்பம். மேலும், தொழுநோயே மருந்தினால் முற்றும் குணமாகக்கூடியது, மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவாத நிலை அடைவது என்னும்பொழுது, அதன் பெயராலும் எவரையும் விலக்குவதற்கு நியாயம் ஏதும் இல்லை.

மருந்தே முதலில்

ரண சிகிச்சையைப் பற்றிக் கூறுவதாகச் சொல்லிவிட்டு மருந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் இருக்கிறது. நோய் கொழுந்துவிட்டு எரியும்பொழுது பாதத்தை மட்டும் நேராக்கினால், நேராக்கிய பாதம் மீண்டும் கோணுவதற்கு நாளாகாது.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் என்பாரும் அவர் தோழர்களும் கார்டிசோன் என்னும் மருந்தை இந்நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்தனர். படுக்கையில் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தனர். 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பு மெலிதல், சர்க்கரை மிகுதல், முகம் உப்புதல், புண் ஆறாமை முதலிய கேடுகள் விளையும் என்பதும் விரைவிலேயே தெரியவந்தது. இன்றும் மருத்துவர் இவ்வகை ஸ்டீராய்டு மருந்துகளைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. நாம் அஞ்சுவது அதையன்று. சில மருந்துக்கடைகளில் பெயர் தெரியாத சிறு மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதும், அவற்றால் வலி உடனே தணிவதைக் கண்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குவதும் நடைபெறுகின்றன. வலி தணிந்திருக்கையிலேயே எலும்பு உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கும். இவ்வாறு பல்லாண்டுகள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள் அதைத் திடீரென்று தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டிவிடுவது நலம்.

நோயின் வேரை அடக்கும் மருந்துகளில் தலையாயது மெதோட்ரெக்ஸேட். இதைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் எத்துணை முறை கூறினாலும் தகும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உட்கொள்ளவேண்டிய மருந்து. மற்ற மாத்திரைகளைப்போல் நாள்தோறும் உட்கொண்டால் வாய் வெந்து, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரும். எழுத்தறியாத முதியவர்கள் உள்ள வீடுகளில், இன்ன கிழமை என்று ஒரு நாளைக் குறித்து, வீட்டிலுள்ள ஒருவர் தம் கையால் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். உடன் கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையையும், மருத்துவர் குறிக்கும் காலத்தில் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடலாகாது. கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தை உட்கொள்ளலாகாது. மது அருந்துவோருக்கு இது ஈரலைக் கெடுக்கும்.

மருந்தோடு பாதரட்சையும் வேண்டும். பெருவிரலால் வாரைப் பிடித்து நடக்கும் சாதாரணச் செருப்பு இவர்களுக்கு உதவாது. பிடிக்கும் விரலே இடம் மாறிவிட்டதன்றோ! முன்பக்கம் அகலமாகவும் ஆழமாகவும், குறுக்கே அகன்ற பட்டையும் குதிகாலின் பின்னே ஒரு வாரும் உடையதாகவும், உள்ளே மெத்தென்ற அடியோடும் அது இருக்கவேண்டும். நுண்துளை ரப்பர் எனப்படும் மெத்தை அடியைத் தொழுநோயாளரின் மரத்துப்போன பாதங்களைக் காக்கும்பொருட்டு 1950களில் வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரைச் சேர்ந்தோரும் பயன்படுத்திப் பரப்பினர். நம் மாநிலத்தில் பிறந்த அந்த அனுபவம் இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் வாத நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. நல்ல பாதரட்சையினால் மட்டுமே துன்பம் நீங்கி, கத்தியே தேவைப்படாமல் இருப்பவர்களும் உண்டு.

ரண சிகிச்சை எப்போது, எவ்வாறு?

தக்க மருந்தும் தக்க பாதரட்சையும் சில மாதங்கள் பயன்படுத்தியும் நடக்க இயலாத வலி, எலும்பு அழுந்தும் இடத்தில் மீண்டும் மீண்டும் புண், எந்தச் செருப்பிலும் நுழையாத அளவுக்குக் கோணல், நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போகும் குதிகால் ஆகிய இவற்றில் ஏதேனும் இருந்தால் எலும்பு ரண சிகிச்சை நிபுணரைக் காணவேண்டும். பார்வைக்கு அழகாயில்லை என்ற காரணத்துக்காக மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சை அன்று இது. நோவின்றி ஊன்றி நடத்தலே இதன் நோக்கம்.

பாதத்தின் முன்பகுதிக்குச் செய்யும் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1912இல் அமெரிக்காவில் ஹாஃப்மன் என்னும் நிபுணர், கடுமையாக மடங்கிய விரல்கள் உடையவர்களுக்கு, உள்ளங்காலில் அழுந்தும் எலும்புத் தலைகளை நீக்கிவிடும் முறையை வெளியிட்டார். பிற்காலத்தில் முடக்குவாத நோயாளிகளின் பாதத்துக்கு ஏற்றவாறு அதனைத் திருத்தி, 1959இல் பௌலர் என்பாரும் 1960இல் கிளேட்டன் என்பாரும் எழுதினர். இன்று பரவலாகச் செய்யப்படுவது இதன் வழிவந்த முறையே. நான்கு சிறுவிரல்களுக்குப் பின்னுள்ள எலும்புத் தலைகளை நீக்கி, மேலேறிய விரல்களைக் கீழிறக்கி நேராக்கி, அவை அப்படியே நிற்க மெல்லிய கம்பிகளைச் செலுத்திவைப்பர். விரல்கள் கீழிறங்கியதும் முன்னே இழுபட்டிருந்த மெத்தையும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. பெருவிரலின் அடிமூட்டை நேராக்கி, திருகாணியாலோ தகட்டினாலோ பிணைத்து, இரு எலும்புகளையும் ஒன்றாக வளரச் செய்வர்.

மூட்டை அசையாமல் பிணைத்துவிட்டால் நடப்பது எப்படி என்ற கேள்வி எழும். அச்சு தளர்ந்து ஆடும் வண்டிச் சக்கரத்தை எண்ணிப்பாருங்கள். ஒவ்வோர் உருளலிலும் அது இடிக்கிறது. கடையாணியை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தினால் வண்டி ஓடுகிறது. அரிபட்ட மூட்டில் வலியைத் தருவது அதன் ஆட்டமே. பெருவிரலைச் சற்று மேல்நோக்கிய சாய்வில் பிணைப்பதால், அடியெடுத்து வைக்கையில் பாதம் எளிதாக உருண்டு செல்கிறது. உறுதியான பெருவிரல், பாரத்தைத் தானே தாங்கிச் சிறுவிரல்களையும் காக்கிறது.

நோய் இளமையிலேயே மருந்தினால் அடக்கப்பட்டவர்களுக்கு எலும்புத் தலைகள் அவ்வளவாகச் சிதைவதில்லை. அத்தகையோருக்குத் தலையை நீக்காமல், எலும்பைச் சற்றுக் குறுக்கி மூட்டைக் காப்பாற்றும் முறையும் அண்மைக் காலத்தில் வழக்கத்துக்கு வந்துள்ளது. ஜப்பானிய மருத்துவர்கள் இதில் மிக்க ஊக்கம் காட்டியுள்ளனர். மருந்து நன்றாக வேலை செய்தால் கத்திக்கும் வேலை குறைகிறது என்பதற்கு இது சான்று.

குதிகால் பகுதி சாய்ந்தவர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழுள்ள மூன்று மூட்டுகளையும் நேராக்கிப் பிணைப்பர். 1923இல் ரையர்சன் என்பார் விவரித்த முறை இது. சிலருக்கு ஒரு மூட்டைப் பிணைத்தாலே போதுமானதாகிறது. கணுக்கால் மூட்டே அழிந்திருந்தால் அதைப் பிணைப்பது ஒரு வழி. செயற்கை மூட்டுப் பொருத்துவது மற்றொரு வழி. வயலில் உழைப்பவர்களுக்கும் எலும்பு மிக மெலிந்தவர்களுக்கும் பெரும்பாலும் முன்னதே ஏற்றது.

முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

நம் ஒன்றிய அலுவலகத்துக்கு உதவித்தொகை கோரி மனுக்கொடுக்க வந்த ஓர் அம்மாள், ரப்பர்ச் செருப்பின் வாரை அறுத்தெறிந்துவிட்டுக் கிழிந்த சேலைத் துண்டால் அதைப் பாதத்தோடு கட்டியிருந்தார். நடவு வேலை செய்பவர். "ஆறு வருடமாகக் காலாணி என்றுதான் ஐயா செதுக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார். மனுவை வாங்கிக்கொண்டதோடு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் போய்வருமாறு கூறினோம். அங்கு முதலில் கத்தியை எடுக்கவில்லை; எட்டு மாதங்கள் மருந்து கொடுத்து வீக்கத்தை அடக்கிய பிறகே வலப்பாதத்துக்குச் சிகிச்சை செய்தனர். இப்பொழுது அவர் நியாய விலைக் கடைக்குத் தாமே நடந்து சென்று வருகிறார். நடவுக்குச் செல்வதில்லை, சேற்றில் வளைந்து நிற்பது இயலவில்லை. உட்கார்ந்து செய்யும் கடலை உரிப்பு, விதை பொறுக்குதல் ஆகிய வேலைகளைச் செய்கிறார். இந்தச் சிகிச்சையினால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை இது ஓரளவு காட்டும்.

சிகிச்சைக்கு முன் மருத்துவர் கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், கால்வலிக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிடலாகாது. இந்நோய் கழுத்தின் மேல்முள்ளெலும்புகளையும் தளர்த்தக்கூடும். மயக்க மருந்து கொடுக்கையில் தலையைச் சாய்க்க நேரும்பொழுது தண்டுவடம் நசுங்காதிருக்கவே அச்சோதனை. முழங்காலோ இடுப்போ மிகவும் கெட்டிருந்தால் எதை முதலில் செய்வது என்பதையும் நிபுணரே முடிவு செய்வார். பாதத்தில் ஆறாப் புண் இருக்கும்பொழுது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்தால் சீழ் அங்கும் பரவக்கூடுமாதலால், புண்ணை முதலில் ஆற்றுவர். மெதோட்ரெக்ஸேட்டைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. ஊசியாகப் போடப்படும் புதுவகை உயிரியல் மருந்துகளைச் சில வாரங்கள் தள்ளிவைப்பர். எந்த மருந்தையும் நோயாளி தாமாக நிறுத்தவோ தொடரவோ கூடாது.

பீடி, சிகரெட்டு பிடிப்போர் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்னரே அவற்றை அறவே விட்டுவிட வேண்டும். புகை, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. பிணைத்த எலும்பு ஒட்டாமற்போகவும் காரணமாகிறது. போதாக்குறைக்கு முடக்குவாதம் வருவதற்கே புகை ஒரு காரணம் என்று அறியப்பட்டிருக்கிறது. பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டே செல்லவேண்டும். வீங்கிய விரலில் இறுகிய மெட்டி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். கழற்ற மனமின்றிச் சிகிச்சையையே தள்ளிப்போடுவோர் உண்டு என்பதால் இதைக் கூறுகிறோம். வீட்டுப் பெரியோர்களே எடுத்துச் சொன்னால் அவர்கள் மனம் அமைதியடையும்.

சிகிச்சைக்குப் பின் பாதத்தின் முன்பகுதி தரையில் படாமல் குதிகாலில் மட்டும் ஊன்றும்படி ஒரு செருப்புக் கொடுப்பர். கம்பிகளை நான்கு முதல் ஆறு வாரங்களில் எடுத்துவிடுவர். அதுவரை பாதத்தில் ஈரம் படலாகாது. குதிகால், கணுக்கால் சிகிச்சையாயின் மூன்று மாதங்கள்வரை மாவுக்கட்டு. அதில் முதல் ஆறு வாரங்களேனும் காலையே ஊன்றலாகாது. வீக்கம் முற்றும் வடிய ஆறு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஊன்றுகோல் பிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இவர்களுக்குக் கைவிரல்களும் மணிக்கட்டும் பெரும்பாலும் கெட்டிருக்கும்; சாதாரணக் கோலை இறுகப் பிடித்து உடற்பாரத்தைத் தாங்க முடியாது. முன்கையைச் சாய்த்துக்கொள்ளும் கோலையோ நான்கு கால் உள்ள நடைச்சட்டத்தையோ முன்னரே பழகிக்கொள்ளவேண்டும். இதன்பொருட்டே பெரும்பாலும் இரு பாதங்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்யாமல், ஒன்று தேறிய பின் மற்றொன்று என்று வைத்துக்கொள்வர்.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. மற்றவர்களைவிட இவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாதலும் சீழ் பிடித்தலும் சற்று மிகுதி. சிலருக்கு எலும்பு ஒட்டாமல் மறுமுறையும் சிகிச்சை வேண்டியிருக்கிறது. ஆண்டுகள் பல சென்றபின் கோணல் திரும்புவதும் உண்டு. விரல்கள் முன்போல் மடங்கா. கணுக்காலைப் பிணைத்தவர்கள் குந்தி உட்கார இயலாது. இவற்றை மருத்துவரிடம் முன்னரே வெளிப்படையாகக் கேட்டறிந்து சம்மதிக்கவேண்டும்.

குந்த இயலாமையைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சற்றுச் சிந்திக்கவேண்டும். சிகிச்சை முடிந்து திரும்பும் ஒருவருக்கு வீட்டில் குந்தும் கழிப்பிடம் மட்டுமே இருந்தால், அல்லது அதுவும் இல்லாமல் இருட்டில் வரப்பைத் தாண்டிச் செல்லவேண்டியிருந்தால், மருத்துவமனையில் நேராக்கிய கால் வீட்டில் மீண்டும் கெடும். உட்காரும் பீடம் வைத்த கழிப்பிடமும், அது வரும்வரை நடுவில் துளையிட்ட ஒரு மரநாற்காலியும் பெருஞ்செலவு அல்ல. சமுதாயக் கழிப்பறைகளில் ஓர் அறையேனும் இவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும். தெருக்குழாயடியில் ஓர் அடி உயரத் திண்ணை இருந்தால் குடத்தைக் குனிந்து தூக்கவேண்டியதில்லை. கிராம சபையில் தரையில் அமர முடியாதவர்களுக்கு நான்கு நாற்காலிகள் போட்டுவைத்தால், இதுகாறும் கூட்டத்துக்கு வராத சிலர் வரக் காண்பீர்கள்.

எங்கே செல்வது என்ற வினாவுக்கு விடை கடினமன்று. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதலில் காட்டி, அவர் தரும் கடிதத்துடன் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதையும் குடும்ப அட்டையையும் உடன் எடுத்துச்சென்று, தமக்குக் கூறப்பட்ட சிகிச்சை பட்டியலில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் சான்று பெற்றுச் சலுகைகளைக் கோரலாம். சான்று பெற்றுவிட்டால் சிகிச்சை வேண்டாம் என்றோ, சிகிச்சை செய்துகொண்டால் சான்று போய்விடும் என்றோ அஞ்சிப் பாதத்தைக் கெடுத்துக்கொள்வது பேதைமை.

இனி, காலத்தைப் பற்றி ஒரு சொல். உடனே செய்தாகவேண்டிய புண்ணோ சீழோ இல்லாதவர்கள் சிகிச்சைக்கு மாதத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தையில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாசியில் சிகிச்சை செய்துகொண்டால் பங்குனி, சித்திரை ஆகிய மாதங்கள் தெருவில் சேறில்லை, வயலில் அவசர வேலையில்லை. வீட்டிலுள்ள மற்றவர்களும் உதவிக்கு இருப்பர். குறுவை நாற்றுவிடும் பருவம் வருவதற்குள், பாதத்தின் முன்பகுதியில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பாதரட்சையுடன் வீட்டைச் சுற்றி நடமாடும் நிலைக்கு வந்திருப்பர். ஆனால் மருத்துவமனையில் முறை வருவதற்கும், மருந்தினால் வீக்கத்தை அடக்குவதற்கும், இரத்தமும் கழுத்தும் சோதிப்பதற்கும் மாதங்கள் ஆகும். ஆகவே மாசியில் படுக்க எண்ணுவோர் ஆடிப்பட்டம் விதைத்த கையோடு மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.